பத்து நாற்பதுக்குக் குளிப்பது யார்?

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
4 பிப்ரவரி 2025

ஜெகாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று அத்தையிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இனி இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். இந்த வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் உங்கள் அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள். மெயிலில் எழுதுகிறேன். ரோஷினி தூங்கிவிட்டாள், நேரம் இருக்கிறது.

நவம்பரில் நீங்கள் வேலைக்காக அங்கே போனீர்கள், எங்கள் வீசா டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. ரோஷினியின் ஒரு வயசுப் பிறந்தநாள் முடிந்ததும் நாங்கள் லீட்ஸுக்கு வருவது என்று பேச்சு. பிறந்தநாள் முடிந்து நாலு வாரம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: பெட்ரூம் ரேடியேட்டர், பாய்லரின் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற அந்த இரும்புத் தகடு. ஹீட்டிங்கை அணைத்தாலும் அது மட்டும் கொதிக்கிறது, குழந்தை தத்தித் தத்தி நடந்து போய்க் கை வைத்தால் தோல் உரிந்துவிடும், சரியானதும் வாங்க.

சரி. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு வருஷம் வால்வு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவள். தண்ணீர் போகக் கூடாத பக்கம் போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. குழந்தைக்காக விட்டேன், மறந்துவிடவில்லை. ஆகவே இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். மற்ற ரேடியேட்டர்களும் சுடுகின்றனவா, இது மட்டுமா? பக்கத்தில் திருகுகிற தலையில் எண் போட்டிருக்கிறதா? எப்போதும் சுடுகிறதா, விட்டு விட்டா? குழாயில் சுடுதண்ணீர் தருவதும் அதே பாய்லர்தானா?

இன்னொன்று. சௌம்யாவும் லீட்ஸில்தான் இருக்கிறாள் என்று உங்கள் பழைய ஆபீஸ் ஷர்மிளா சொல்லித் தெரிந்துகொண்டேன், நீங்கள் சொல்லி அல்ல. மூன்று வருஷம் உங்கள் டீமில், ஒரே ஆபீஸ் காரில் போய் வந்தவள். அப்போது உங்கள் போனில் அவளோடு நீங்கள் பேசியதையெல்லாம் படித்தேன். தப்பாக ஒரு வரி இல்லை. தப்பு இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். என்னிடம் ஒரு நாளும் சொல்லாத ஜோக்கெல்லாம் அதில் இருந்தது. அதை என்ன சொல்லிச் சண்டை போடுவது?

பிரியா

*

லீட்ஸ்
6 பிப்ரவரி

பிரியா,

நீ கேட்டபடியே பதில்.

இது மட்டும்தான். ஹாலிலும் சமையலறையிலும் இருப்பவற்றுக்கு எண் போட்ட தலை. பூஜ்யத்தில் வைத்தால் ஐஸ் மாதிரி ஆகிவிடும். பெட்ரூமில் இருப்பதற்கு இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை பிளாஸ்டிக் தொப்பி. திருகினால் சும்மா சுற்றுகிறது. விட்டு விட்டுத்தான் சுடுகிறது. எப்போது சுடும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஹீட்டிங் அணைந்திருக்கிறது என்று பாய்லரே எழுதிக் காட்டும். இந்தப் பக்கம் ரேடியேட்டரில் கை வைக்க முடியாது. குழாய்க்கும் அதே பாய்லர்தான்.

வீட்டு ஏஜென்சிக்கு மூன்று முறை எழுதினேன். "திருகைத் திருகிப் பார்த்தீர்களா" என்று மூன்று முறையும் கேட்டார்கள்.

சௌம்யா பற்றி. அவள் கல்யாணமாகி வெங்கட்டோடு இங்கே வந்து ஒரு வருஷமாகிறது. ஒரே ஊர், எப்போதாவது பார்க்கிறேன். சொல்ல ஒன்றுமில்லாததால் சொல்லவில்லை. தயவுசெய்து இதையும் ரேடியேட்டரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

ரோஷினிக்கு அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் இன்னும் அளவாக இருக்கிறதா?

ஜெகா

*

கள்ளிக்குப்பம்
8 பிப்ரவரி

ஜெகாவுக்கு,

ஸ்வெட்டரா? கள்ளிக்குப்பத்தில் இப்போதே ஃபேன் மூன்றில் ஓடுகிறது. போகட்டும்.

வெள்ளைத் தொப்பி என்று எழுதினீர்களே, அதில்தான் பாதி விடை இருக்கிறது. எல்லா ரேடியேட்டரையும் யாராவது மூடிவிட்டால் பாய்லர் தள்ளுகிற தண்ணீர் போக ஒரு வழி வேண்டும். அதற்காக ஒன்றை மூடாமல் திறந்தே விடுவார்கள். உங்கள் பெட்ரூமில் இருப்பது அதுதான். அது எப்போதும் திறந்திருப்பது பழுதல்ல. ஆனால் ஹீட்டிங் அணைந்திருக்கும்போது அதற்கு யார் சுடுதண்ணீர் அனுப்புகிறார்கள்? அதுதான் கேள்வி.

இஸ்மாயிலைக் கூப்பிட்டேன். முகமது இஸ்மாயில், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னா மேடம், அந்த ஊர்ல குளுர்ல வெறச்சிக்கினு கீறாங்கோ. உங்க ஆளு இன்னாடான்னா ஊடு சூடாக்கீதுன்னு அயுவுறாரா?"

"சிரிக்காதே இஸ்மாயில். குழந்தை கையை வெச்சிடும்."

"சரி சரி. உள்ள மூணு வாய் வால்வு ஒண்ணு இருக்கும். கொயா தொறந்தா ரேடியேட்டர் பக்கம் அடைச்சிகினு சூட்டையெல்லாம் கொயாப் பக்கம் திருப்பணும். சீல் தேஞ்சி பூட்ச்சினா ரெண்டு பக்கமும் வுடும். நீ எத்தினி வால்வ இதுக்காவ ரிஜெக்ட் பண்ணிக்கீறே, என்னாண்ட வந்து கேக்குறியே!"

எனக்கும் அதே சந்தேகம்தான். வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. பதினாறு மாதமாக என்னை யாரும் இப்படி எதையும் கேட்டதில்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போனை வைத்ததும், "இன்னாடி, போன்லயே புருசன் ஊட்ட ரிப்பேர் பண்றியா? அவன் வா இன்றப்ப போ, பொறு இன்றப்ப பொறு. இன்னா அவசரம்?" என்றார்கள். அத்தைக்கு நான் அவசரப்படுவது பிடிக்கவில்லை. ஏன் என்று புரியவில்லை.

சோதனை இதுதான். ஒரு விடுமுறை நாளில் ஹீட்டிங்கை அணையுங்கள். இரண்டு மணி நேரம் சுடுதண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள். ரேடியேட்டர் ஆறிவிட்டதா பாருங்கள். பிறகு சமையலறையில் சுடுதண்ணீரைப் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். மறுபடி தொட்டுப் பாருங்கள். சுட்டால் வால்வுதான்.

பிரியா

*

லீட்ஸ்
18 பிப்ரவரி

பிரியா,

நீ சொன்னது சரி! ஆறிக் கிடந்தது, குழாயைத் திறந்து ஏழாவது நிமிடம் கை வைக்க முடியவில்லை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. ஏஜென்சிக்குப் போன் செய்தால் "நிரூபணம் இருக்கிறதா" என்கிறார்கள். இருக்கிறது என்று சொல்வதற்காக ஆபீசில் சர்வர் அறைச் சூட்டைப் பதிகிற சின்னக் கருவியைக் கொண்டுவந்து ரேடியேட்டரில் டேப் போட்டு ஒட்டினேன். வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள், ஹீட்டிங் முழுக்க அணைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஆயிரத்து நானூற்று நாற்பது வரி, ஒன்றுகூட விடுபடவில்லை. கோப்பை இணைத்திருக்கிறேன். ஏஜென்சிக்கு அனுப்புவதற்கு முன் நீ ஒரு தடவை பார்த்துவிடு. இஸ்மாயிலுக்கும் காட்டு.

உண்மையைச் சொன்னால் இதைச் செய்யும்போது சந்தோஷமாக இருந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு நாளாகிறது.

ஜெகா

*

கள்ளிக்குப்பம்
20 பிப்ரவரி

ஜெகாவுக்கு,

பார்த்தேன். இஸ்மாயிலுக்குக் காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம் இருக்கிறது.

வால்வு தேய்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. குழாய் திறக்கும்போதெல்லாம் கோடு ஏறுகிறது. ஆனால் நீங்கள் சாஃப்ட்வேர் சோதனை செய்பவர். எண் விடுபட்டதா என்று பார்ப்பீர்கள், எண் என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டீர்கள். நான் பார்த்தேன்.

காலை ஆறரைக்கு ஒரு ஏற்றம், நீங்கள் குளிப்பது. எட்டே காலுக்கு ஆபீசுக்குக் கிளம்புகிறீர்கள். அப்புறம் சாயங்காலம் ஆறு வரை வீடு பூட்டிக் கிடக்கிறது, அப்படித்தானே? அப்படியென்றால் வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு யார் குளித்தது? வெள்ளிக்கிழமை பத்து நாற்பத்தைந்துக்கு? திங்கட்கிழமை மறுபடி பத்து நாற்பதுக்கு?

முதலில் அந்தக் குளியலைத்தான் பார்த்தேன். பெயர் என்ன என்றுகூட யோசிக்கத் தேவைப்படவில்லை, எனக்கு ஒரே பெயர்தான் தெரியும். மடிக்கணினியை மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன். பெரிய ஏற்றங்களை விட்டுவிட்டுச் சின்னவற்றைப் பார்த்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்து மூடினால் வருமே, அந்த மாதிரி சின்ன மேடுகள். ராத்திரி ஒன்று பத்து. நாலு. ஆறு ஐம்பது. ஒன்பது ஐம்பது. மத்தியானம் ஒன்று. ஐந்து நாளும், மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக, கொஞ்சம் முன்னே பின்னே.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், ஜெகா. ரோஷினி இரண்டு மாதமாக இருந்தபோது என் போனில் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ராத்திரி ஒன்றுக்கு எழுந்து, பால் கொடுத்து, புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால் நாலுக்கு மறுபடி. பத்தரைக்கு மேல் கொஞ்சம் வெயில் வந்ததும் குளியல்.

அந்த வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறது.

குழந்தைக்கு ஆகாத வீடு என்று என்னிடம் ஆறு வாரமாகச் சொன்ன வீட்டில்.

யாருடைய குழந்தை?

பிரியா

*

லீட்ஸ்
21 பிப்ரவரி

பிரியா,

சௌம்யாவின் குழந்தை. வெங்கட்டுடையது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ வேறு எதையும் நினைக்க இடம் கொடுக்காமல்.

டிசம்பர் நடுவில் பிறந்தான். அவர்கள் இருந்த வீட்டில் மேல்தளத்துக் குழாய் வெடித்துக் கூரை இறங்கிவிட்டது. மூன்று வாரக் குழந்தையோடு ஓட்டலில் இருந்தார்கள். இரண்டு வாரம் இங்கே இருங்கள் என்றேன். இரண்டு வாரம் ஏழு வாரம் ஆகிவிட்டது. வெங்கட்டுக்கு வாரத்தில் நாலு நாள் வேறு ஊரில் வேலை. ஆமாம், அந்த நாலு நாளும் நானும் சௌம்யாவும் குழந்தையும்தான். நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: ஒன்றும் இல்லை. அவள் தூங்கி எழுந்து அழுது தூங்குகிறாள். ஜோக் சொல்கிற நிலையில் யாரும் இல்லை.

பெட்ரூமை அவர்களுக்குக் கொடுத்தேன், சூடாக இருக்கும் என்று. நான் ஹாலில் படுக்கிறேன். கருவியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் ஒட்டினேன். அந்த ஐந்து நாளும் அறைக்கு ஒரு மின்சார ஹீட்டர் வைத்துக் கொடுத்தேன். அது என்ன காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அம்மாவுக்குத் தெரியும். ஜனவரியில் அனுப்பிய பார்சலில் சௌம்யாவுக்கு லேகியம் இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். சொன்னால் நீ அடுத்த விமானத்தில் வருவாய் அல்லது வரவே மாட்டாய் என்று பயந்தேன். ரேடியேட்டர் பழுது உண்மைதான். அது சரியாகிவிட்டால் சொல்ல வேறு காரணம் இருக்காது என்பதும் உண்மைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் மறுபடி ஒளிப்பதாக ஆகும். வீடியோவில் என்னைப் பார்த்தால் ரோஷினி முகத்தை உன் தோளில் புதைத்துக்கொண்டு அழுகிறாள். நவம்பரிலிருந்து ஒவ்வொரு தடவையும். "அப்பா பாரு, அப்பா பாரு" என்று நீ திருப்பத் திருப்ப அவள் அலறுகிறாள். இந்தப் பையன் என்னைப் பார்த்து அழுவதில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் சௌம்யா அவனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவாள். தோளில் போட்டு நடந்தால் ஏப்பம் விட்டுத் தூங்கிவிடுகிறான். பிரியா, அந்த அரை மணி நேரத்துக்காக நான் வேகமாக வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வருவதை ஏன் தள்ளிப் போட்டேன் என்று என்னையே கேட்டால், இதுவும் அதில் இருக்கிறது. நீங்கள் வந்து, நேரிலும் அவள் என்னைப் பார்த்து அழுதால் நான் என்ன செய்வேன்?

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

ஜெகா

*

கள்ளிக்குப்பம்
22 பிப்ரவரி

படித்தேன். இன்றைக்கு எழுதினால் பிறகு திரும்ப எடுக்க முடியாத ஏதாவது எழுதிவிடுவேன்.

அந்தக் கோப்பில் பகல் நேரத்தை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். முழுதாகவே ஏஜென்சிக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு வால்வு மட்டும்தான் தெரியும்.

பிரியா

*

லீட்ஸ்
28 பிப்ரவரி

பிரியா,

ஆறு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் அம்மாதான் பேசுகிறாள், "அவ தூங்கறாப்பா" என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு.

கோப்பை அனுப்பிய மறுநாளே ஏஜென்சி ஆள் அனுப்பியது. அரை மணி நேரம் பாய்லரைக் கழற்றி, உள்ளிருந்து கட்டைவிரல் அளவு ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ரப்பர் ஒரு பக்கம் கடித்துத் துப்பியதுபோல் இருந்தது. "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். என் மனைவி, இந்தியாவில் இருந்தபடியே என்றேன். நம்பவில்லை. புதிது போட்டுவிட்டார். இப்போது குழாயை எவ்வளவு நேரம் திறந்தாலும் ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது.

அதனால் வேறொன்று ஆனது. பையனுக்கு ராத்திரியில் குளிர்கிறது என்று சௌம்யா ஹீட்டிங் போடச் சொன்னாள். போட்டேன். வால்வை யார் கண்டுபிடித்தது என்று அவளும் கேட்டாள். அதுவரை அவளிடமும் எதையும் சொல்லாமல்தான் இருந்தேன். அன்றைக்குச் சொன்னேன், உனக்குத் தெரியாமல்தான் அவர்களை வைத்திருந்தேன் என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்கு அறிவிருக்கா ஜெகா? அந்தப் பொண்ணு அங்க கைக்குழந்தையோட உக்காந்திருக்கா. சொல்லியிருந்தீங்கன்னா நான் ஓட்டல்லயே இருந்திருப்பேன்" என்றாள். வெங்கட்டுக்குப் போன் போட்டு அழுதாள். மார்ச் எட்டாம் தேதி வேறு வீட்டுக்குப் போகிறார்கள், கிடைத்துவிட்டது. உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள். நம்பர் கொடுக்கட்டுமா?

இனி என்னிடம் சொல்லக் காரணம் ஒன்றுமில்லை. வா என்று மட்டும்தான் சொல்ல முடியும். வருவாயா?

ஜெகா

*

கள்ளிக்குப்பம்
2 மார்ச்

ஜெகாவுக்கு,

நான் தூங்கவில்லை. அத்தையோடு ஆறு நாள் சண்டை போட்டேன். நேருக்கு நேர், டிவியை அணைத்துவிட்டு. கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் இது: "புள்ள பெத்த பொண்ணுக்கு லேகியம் குடுத்தா அது பாவமா? அதுக்கு அம்மா இல்ல. கேட்டான், கிண்டிக் குடுத்தேன். உன்னாண்ட சொல்லாதது தப்பு தான். இன்னா பண்ணணும்னு சொல்லு, கால்ல வுயணுமா?" எனக்கும் பிள்ளை பெற்றபோது அதே லேகியத்தைத்தான் கிண்டினார்கள். இஞ்சியைத் தட்டித் தட்டி அவர்கள் கை எரிந்தது. அதைப் போய் இன்னொருத்திக்கும் செய்தார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு கீழே போய்விட்டேன் பாருங்கள்.

சௌம்யாவுக்கு நம்பர் கொடுக்க வேண்டாம். அவள் உங்களைத் திட்டினாள் என்று படித்ததும் எனக்கு அவளைப் பிடித்துவிடும் போலிருந்தது. அது எனக்கு இப்போதைக்கு வேண்டாம். நேரில் பார்த்தால் பேசிக்கொள்கிறேன்.

நீங்களும் அவளும் அந்த வீட்டில் என்ன செய்தீர்கள் என்று இரண்டு நாள்தான் நினைத்தேன். ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன். ராத்திரி ஒன்று பத்துக்குப் புட்டி கழுவுகிற எவளுக்கும் வேறு ஒன்றுக்கும் தெம்பு இருக்காது. அது எனக்குத் தெரியாதா? நான் தாங்க முடியாமல் தவிப்பது வேறு. அந்தப் பையன் உங்கள் தோளில் தூங்குகிறான். ரோஷினிக்கு ஏப்பம் எடுக்க உங்களுக்குத் தெரியாது. பத்து மாதம் கூட இருந்தும் நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை. தூக்கினால் அழுகிறாள் என்று உடனே என்னிடம் நீட்டுவீர்கள். நானும் பிடுங்கிக்கொள்வேன். அவள் என்னிடம் வந்ததும் அழுகையை நிறுத்துவது எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ரோஷினி கற்றுக்கொடுக்காததை யாரோ ஒரு பதினோரு வாரக் குழந்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். என் வாழ்நாளில் நான் யார் மேலும் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை. சௌம்யா மேல்கூட. பால் குடிக்கிற பிள்ளை மேல்! எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் மறைத்ததை எழுதினீர்கள், நான் மட்டும் ஏன் நல்லவள் மாதிரி இருக்க வேண்டும்?

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வருகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது, உங்களைக் கேட்காமல். மான்செஸ்டரில் மத்தியானம் இறங்குகிறோம். ரோஷினி விமானத்தில் தூங்க மாட்டாள், எரிச்சலோடுதான் வெளியே வருவாள். உங்களைப் பார்த்ததும் அழுவாள். நவம்பருக்குப் பிறகு உங்களை ஒரு கண்ணாடிச் சதுரத்தில் மட்டும் பார்த்தவள். அழாமல் என்ன செய்வாள்? பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுவாள். என் பக்கம் இரண்டு கையையும் நீட்டுவாள். நானும் வாங்கிக்கொள்ளத் துடிப்பேன்.

அவளை நேராக உங்கள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். எவ்வளவு அழுதாலும் என்னிடம் திருப்பித் தராதீர்கள்.

பிரியா